கப்பலில் ஒரு 'கடல் நாள்': ஊருக்கு வந்தால் ஓயாமல் கேட்கப்படும் கேள்விகள்

லீவில் ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் வந்து இறங்கினால் முதல் பத்து நாள் எனக்குப் பதில் சொல்வதுதான் வேலை. நான் உல்லாசக் கப்பலில் ஒன்பது வருடமாகக் கேபின் ஸ்டூவர்ட். பயணிகள் தங்கும் அறையைக் கூட்டித் துடைத்துப் படுக்கை விரிக்கிற ஆள். டீக்கடை, சலூன், கல்யாண வீடு, ஐஸ் கம்பெனி வாசல், எங்கே நின்றாலும் அதே கேள்விகள். போன லீவில் ஒரே வாரத்தில் ஏழு பேருக்குக் கக்கூஸ் கழிவைப் பற்றி விளக்கிய பிறகு, எழுதிப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர் கேட்ட மாதிரியே இருக்கின்றன. பெயர் போடவில்லை, பயப்பட வேண்டாம்.

"அது என்னப்பா கடல் நாளு? கப்பல்னா எல்லா நாளும் கடல்லதான கெடக்கும்?"

இல்லை சித்தப்பா. உல்லாசக் கப்பல் பெரும்பாலும் ராத்திரியில் ஓடும். விடிந்தால் ஏதாவது ஒரு துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். பயணிகள் இறங்கி ஊர் சுற்றிவிட்டுச் சாயங்காலம் ஏறுவார்கள். அது துறைமுக நாள். அடுத்த துறைமுகம் தூரமாக இருந்தால் பகல் முழுக்கவும் ஓட வேண்டியிருக்கும். அதைத்தான் 'சீ டே' என்போம். அட்லாண்டிக்கைக் கடக்கிற பயணத்தில் ஆறேழு கடல் நாள் தொடர்ந்து வரும்.

பயணிக்கு அது ஓய்வு நாள். எங்களுக்கு அதைவிடப் பாடு எடுக்கிற நாள் கிடையாது. மூவாயிரம் பேரும் இறங்காமல் உள்ளேயே இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு வந்த சனம் மூன்று நாள் கிளம்பாமல் கிடந்தால் அடுப்படிக்காரனுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான்.

"எம்புட்டுப் பெருசு இருக்கும்? நம்ம பாம்பன் பாலம் அளவு வருமா?"

நான் வேலை பார்ப்பது நடுத்தரக் கப்பல். மூவாயிரத்துச் சொச்சம் பயணிகள், ஆயிரத்து இருநூறுக்கு மேல் பணியாளர்கள். உலகத்தின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல்களில் ஒன்றான 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. நீளம் சுமார் 365 மீட்டர், பயணிகள் மட்டும் 7,600 பேர் வரை ஏறலாம். பாம்பன் ரயில் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கப்பல் ஆறை வரிசையாகக் கட்டினால் மண்டபத்திலிருந்து பாம்பனுக்குக் கப்பல் மேலேயே நடந்து வந்துவிடலாம். ஆழம்தான் இடிக்கும். அது கீழே தனிக் கேள்வியாக வருகிறது.

"காலைல எந்திரிச்சா ராத்திரி வரைக்கும் என்னதான் வேலை?"

எனக்குப் பதினெட்டு அறை. காலை ஏழரைக்கு வராந்தாவில் தள்ளுவண்டியோடு நிற்க வேண்டும். துறைமுக நாளில் ஒன்பது மணிக்கெல்லாம் அறைகள் காலியாகிவிடும். வரிசையாக அடித்துத் தள்ளிவிடலாம். கடல் நாளில் எல்லோரும் பத்து வரை தூங்குவார்கள். கதவுக் கைப்பிடியில் 'தொந்தரவு செய்யாதீர்' அட்டை தொங்கும். எந்த அறையில் குளியல் சத்தம் நின்றது, எந்த அறைக்காரர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நாஷ்டாவுக்குக் கிளம்பினார் என்று கொக்கு மாதிரி காத்திருந்து உள்ளே நுழைய வேண்டும். ஓர் அறைக்கு இருபது நிமிடம். விரிப்பு மாற்றி, குளியலறை தேய்த்து, கண்ணாடியில் விரல் அச்சு துடைத்து, குப்பையைப் பிரித்து, ஐஸ் வாளி நிரப்பி. அந்த இருபது நிமிடத்துக்குள் ஆள் திரும்பி வந்துவிட்டால் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, பிறகு மறுபடி போக வேண்டும்.

மத்தியானம் இரண்டுக்கு முடித்தால் சாயங்காலம் ஐந்தரை வரை தூக்கம். பிறகு பயணிகள் ராச்சாப்பாட்டுக்குப் போகிற நேரம் பார்த்து இரண்டாம் சுற்று: படுக்கையை மடித்துத் திறந்துவிட்டு, மறுநாள் நிகழ்ச்சித் தாளை வைத்து, துண்டில் ஒரு யானையோ குரங்கோ செய்து உட்காரவைத்து வரவேண்டும். ஒன்பதரை, பத்தாகிவிடும். இப்போது பல கம்பெனிகள் இரண்டு சுற்றை ஒன்றாக்கிவிட்டன. கேட்க நல்லதாக இருக்கிறதா? ஒரு சுற்று ஆனதும் ஓர் ஆளுக்குக் கொடுக்கிற அறை எண்ணிக்கையைக் கூட்டிவிட்டார்கள்.

"பயணிக அன்னைக்கிப் பூராவும் என்ன செய்வாக? கரையே தெரியலன்னா பைத்தியம் பிடிச்சிராதா?"

பிடிக்காது, பிடிக்காமல் இருக்கத்தான் நிகழ்ச்சித் தாள். காலை நடைப்பயிற்சி, நடன வகுப்பு, வினாடி வினா, பிங்கோ, சமையல் காட்டுவது, ஏலம், பாட்டு என்று ராத்திரி பன்னிரண்டு வரை அரை மணிக்கு ஒன்று இருக்கும். கடைகளும் சூதாட்ட அரங்கும் பெரும்பாலும் துறைமுகத்தில் மூடிக் கிடக்கும், நடுக்கடலில்தான் திறப்பார்கள். வரி, உள்ளூர்ச் சட்டம் எல்லாம் கரையோடு சேர்ந்த விவகாரம். ஆகவே கம்பெனிக்குக் கடல் நாள் நல்ல வியாபார நாள். காசு கையில் புழங்காது. அறைச் சாவி அட்டையைத் தட்டினால் கணக்கில் ஏறிக்கொள்ளும், கடைசி நாள் பில் பார்க்கும்போதுதான் சில பேருக்குத் தலை சுற்றும்.

வேடிக்கை நீச்சல் குளத்தருகே நடக்கும். வெயில் காய்கிற நாற்காலிக்குச் சண்டை. காலை ஆறரைக்கே வந்து நாலு நாற்காலியில் துண்டைப் போட்டு, மேலே ஒரு புத்தகத்தையும் வைத்துவிட்டுத் திரும்பப் படுக்கப் போய்விடுவார்கள். நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறவன் இவர்களிடம் தோற்றான். ஆள் வராவிட்டால் அரை மணியிலோ முக்கால் மணியிலோ துண்டை எடுத்துவிடலாம் என்று விதி இருக்கிறது. எடுக்கிற பையனுக்குத்தான் திட்டு.

"மாப்ள, மீனு நெறைய கெடைக்கும்ல? நடுக்கடல்ல இருக்கீக."

இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். அப்பா நாட்டுப்படகுக்காரர். பிடித்து இரண்டு மணி நேரம் தாண்டிய மீனை 'செத்த மீன்' என்று சொல்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். கப்பலில் தின்பது ஐஸில் உறைந்து, பெட்டியில் வந்து, எந்தக் கடல் என்றே தெரியாத மீன். கப்பலிலிருந்து தூண்டில் போடக்கூடாது. தூண்டிலோடு பிடிபட்டால் வேலை போய்விடும். ஓடுகிற வேகத்தில் போட்டாலும் ஒன்றும் மாட்டாது என்பது வேறு விஷயம்.

மற்றபடி சாப்பாட்டுக்குக் குறை இல்லை. பணியாளர் சாப்பாட்டுக்கூடம் தனி. அதில் சோறு எப்போதும் உண்டு, ஏனென்றால் எங்களில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா. பருப்பும் ஒரு கறியும் தினமும் வரும். அந்தக் கறி வடக்கத்தி ருசி. அதனால் ஒவ்வொரு தடவையும் அம்மா இடித்த மிளகாய்த்தூளைப் பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போகிறேன்.

"குடிதண்ணிக்கு என்ன செய்வீக? நாங்க மாதிரி கேன்ல பிடிச்சுட்டுப் போவீகளோ?"

கடல் தண்ணீரைத்தான் குடிதண்ணீராக்குகிறார்கள். இரண்டு வழி. ஒன்று, காய்ச்சி வடிப்பது. எஞ்சின் சூட்டையே பயன்படுத்தி, காற்றை உறிஞ்சி அழுத்தம் குறைத்த பாத்திரத்தில் கடல்நீரை விட்டால் நூறு டிகிரிக்கு வெகு கீழேயே கொதித்து ஆவியாகும். அந்த ஆவியைக் குளிரவைத்தால் உப்பில்லாத தண்ணீர். இன்னொன்று, மெல்லிய சவ்வு வழியாக அழுத்தித் தள்ளுவது. நம்ம ஜில்லாவில் நரிப்பையூரில் கட்டிய ஆலையும் இந்த இரண்டாவது வகைதான். பிறகு தாது உப்புச் சேர்த்து, குளோரின் போட்டு, குழாயில் விடுவார்கள். பெரிய கப்பலுக்கு நாளைக்குப் பல நூறு டன் வேண்டும்.

கரையோரத் தண்ணீர் கலங்கலும் அழுக்குமாக இருக்கும் என்பதால் துறைமுகத்துக்குள் இதைச் செய்ய மாட்டார்கள். ஆகவே தண்ணீர் எடுக்கத் தோதான நாள் கடல் நாள்தான். முதல் தடவை என் அறைக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு, தண்ணீர் நிற்கவில்லையே என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். குடத்தை வரிசையில் போட்டு வளர்ந்தவனுக்கு அது பெரிய காட்சி.

"கக்கூஸ் தண்ணி, குப்பை எல்லாத்தையும் கடல்லதான கொட்டுவான்? உள்ளதச் சொல்லு."

உள்ளதையே சொல்கிறேன். மார்போல் என்கிற சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. அதன்படி சுத்திகரிக்காத கழிவுநீரைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான், அதாவது 22 கிலோமீட்டர் தாண்டி, கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது மெதுவாக விடலாம். புதிய கப்பல்களில் பெரும்பாலும் சுத்திகரிக்கிற ஆலையே உள்ளே இருக்கும். உணவுக் கழிவை அரைத்து 3 கடல் மைலுக்கு அப்பால் விடலாம்; மத்தியதரைக் கடல் மாதிரி சிறப்புப் பகுதிகளில் அதுவும் 12. பிளாஸ்டிக்கை எங்கேயும், எவ்வளவு தூரத்திலும் போடக்கூடாது.

கப்பலின் அடியில் குப்பை அறை என்று ஒன்று உண்டு. கண்ணாடி, தகரம், அட்டை, பிளாஸ்டிக், பேட்டரி என்று கையால் பிரிப்பார்கள். என் வண்டியிலிருந்து போகிற பையில் சாப்பாட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் மூடி கலந்திருந்தால் பையைத் திருப்பி என்னிடமே அனுப்புவார்கள். விதியை மீறிய கப்பல் கம்பெனிகள் உண்டா? உண்டு. அமெரிக்க நீதிமன்றங்கள் கோடிக்கணக்கான டாலர் அபராதம் போட்டிருக்கின்றன. ஆனால் ஒன்று: நம்ம கரையில் வலையில் ஏறுகிற பாலிதீன் முழுக்கக் கப்பல்காரன் போட்டது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சந்தைப்பேட்டை ஓடையைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

"ஒனக்கென்ன, கடக்கரைக்காரன். வாந்தி மயக்கம் வராதுல்ல?"

முதல் கடல் நாளிலேயே பிஸ்கே வளைகுடாவில் வண்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தவன் நான். நாட்டுப்படகு ஆட்டம் வேறு, கப்பல் ஆட்டம் வேறு. படகில் அலை சின்னது, வெடுக்கென்று தூக்கிப் போடும். கண்ணுக்கு எதிரே அலை தெரியும், உடம்பு முன்கூட்டியே சாய்ந்து கொடுக்கும். கப்பலில் ஆட்டம் மெதுவாக, நீளமாக, தொட்டில் மாதிரி. அதிலும் ஜன்னல் இல்லாத வராந்தாவில் சுவர் அசையாமல் நிற்கிறது என்று கண் சொல்லும். இல்லை, ஆடுகிறது என்று காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு சொல்லும். இந்தச் சண்டையில்தான் வயிறு புரட்டுகிறது.

பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க, தண்ணீருக்குள் இரண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி இறக்கைகள் நீட்டுவார்கள். அணியம், அதாவது கப்பலின் முன்பக்கம், மேலும் கீழும் எழுந்து விழுகிற ஆட்டத்துக்கு அது உதவாது. கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில் ஆட்டம் குறைவு. அதனால் பயந்த சுபாவம் உள்ளவர்கள் அங்கே அறை எடுப்பது நல்லது. இஞ்சி, உப்பு பிஸ்கட், பச்சை ஆப்பிள் கைகொடுக்கும். படிக்கட்டுக் கைப்பிடியில் காகிதப் பைகள் செருகியிருந்தால் அன்றைக்குக் கடல் நன்றாக இருக்காது என்று அர்த்தம்.

வாந்தி என்றாலே கடலாட்டம் என்று நாங்கள் நினைப்பதில்லை. நோரோ வைரஸ் என்ற வயிற்றுக் கிருமி கப்பலில் காட்டுத்தீ. ஆகவே அறையில் வாந்தி கிடந்தால் நான் தொடக்கூடாது; போன் அடித்தால் கவசம் போட்ட தனிக் குழு வரும். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகிற கப்பலில் பயணிகளிலோ பணியாளர்களிலோ 3 சதவீதம் பேருக்கு வயிறு கெட்டால் அந்த நாட்டு நோய்த்தடுப்பு நிலையம் கப்பல் பெயரோடு வெளியிட்டுவிடும்.

"மகனே, நீ பேசுற நேரம் ஏன் தெனம் மாறுது? நான் ஒறங்குற நேரத்துல கூப்புடுற."

இது அம்மா. கப்பல் கிழக்கே மேற்கே ஓடும்போது கடிகாரத்தையும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். பார்சிலோனாவிலிருந்து மியாமிக்குப் போனால் ஆறு மணி நேர வித்தியாசம். ஒரேயடியாக மாற்றாமல் கடல் நாள் ஒவ்வொன்றிலும் ராத்திரி ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். எங்களுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் லாபம். அன்றைக்குப் பணியாளர் பாரில் கூட்டம். திரும்பி வரும்போது முன்னுக்குத் தள்ளுவார்கள். இருபத்து மூன்று மணி நேர நாள் ஆறு வந்தால் எல்லோர் கண்ணும் கருவாடாகியிருக்கும்.

போன் சிக்னல் நடுக்கடலில் இல்லை. செயற்கைக்கோள் இணையம்தான். முன்பு நிமிடக் கணக்கில் அட்டை வாங்கி, 'நல்லா இருக்கேன்' என்று அடிப்பதற்குள் காசு கரையும். இப்போது தாழ்வாகப் பறக்கிற செயற்கைக்கோள்கள் வந்தபின் வீடியோவே ஓடுகிறது. ஆனாலும் காசுதான்.

"கீழக்கரப் பையன் ஒருத்தன் கேக்குறான்: நோன்பு வைக்க முடியுமா, தொழுக எடம் இருக்குமா?"

முடியும். எங்கள் சலவைக்கூடத்தில் அதே ஊர்த் தம்பி ஒருவன் வைத்தான். நிகழ்ச்சித் தாளின் முதல் பக்க மேல்மூலையில் அன்றைய சூரிய உதயமும் மறைவும் அச்சாகி வரும்; பயணிகள் படம் பிடிக்கப் பார்ப்பார்கள், அவன் நோன்பு திறக்கப் பார்ப்பான். அந்தத் தாளை நான்தான் ராத்திரி கொண்டுபோய்க் கொடுப்பேன். தொழும்போது நோக்குகிற மக்கா திசை, கிப்லா, தினமும் மாறும். கப்பலை ஓட்டுகிற அறையான பிரிட்ஜில் இருக்கிற அதிகாரியிடம் கப்பல் ஓடுகிற திசையைக் கேட்டுக் கணக்குப் போட்டுக்கொள்வான். 2018-ல் நோன்பு மே, ஜூனில் வந்தது. கப்பல் நார்வேயின் வட கோடிக்குப் போனபோது சூரியன் மறையவே இல்லை. மக்கா நேரத்தை வைத்துத் திறந்தான்.

ஞாயிறு பூசை, சாமியார் யாராவது பயணத்தில் இருந்தால் நடக்கும். பணியாளருக்கு அது ராத்திரி பதினொன்றரைக்குத்தான் வாய்க்கும்.

"பொயலு வந்தா என்ன கதி?"

அப்பத்தா இதைக் கேட்காமல் என்னை ஒருநாளும் அனுப்பியதில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய புயலைப் பார்த்தவள். பெரிய கப்பல் புயலோடு மல்லுக்கட்டாது, விலகிப் போய்விடும். வானிலைப் படம் நாள்கணக்கில் முன்னால் கிடைப்பதால் துறைமுகத்தையே மாற்றிவிடுவார்கள். துறைமுக நாள் கடல் நாளாகிவிடும். (எங்களுக்கு அது எப்படி இருக்கும் என்று முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன்.) காற்று கூடினால் திறந்த தளத்தைப் பூட்டி, நீச்சல் குளத்தை வடித்து, கண்ணாடிச் சாமான்களைக் கட்டிவைப்போம்.

ஆபத்து என்றால் ஏழு குட்டைச் சங்கு, ஒரு நீளச் சங்கு ஊதும். அந்த நிமிடம் நான் ஸ்டூவர்ட் இல்லை. என் வரிசை அறைகள் காலியா என்று கதவு கதவாகப் பார்த்துச் சனத்தைக் கூடுமிடத்துக்கு அனுப்புகிறவன். இத்தாலியில் 2012 ஜனவரி 13 அன்று 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதி 32 பேர் செத்தார்கள். அன்றைக்கு ஏறிய பலருக்கு இன்னும் ஒத்திகை நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான், 2015 முதல், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயணிகளுக்கு ஒத்திகை முடித்தாக வேண்டும் என்று விதி வந்தது.

"நடுக்கடல்ல யாரும் செத்துப்போனா கடல்ல விட்டுருவாகளா?"

இல்லை. மருத்துவமனை இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், பிணவறையும் இருக்கிறது. வயதானவர்கள் அதிகம் வருகிற பயணங்களில் இது அபூர்வமும் இல்லை. அடுத்த துறைமுகத்தில் காகிதம் முடித்து ஊருக்கு அனுப்புவார்கள்.

"நம்ம ராமேஸ்வரத்துக்கு ஏன் ஒரு கப்பலும் வரல? கோயிலுக்கே எம்புட்டுச் சனம் வருது."

ஆழம் இல்லை, அவ்வளவுதான். பெரிய உல்லாசக் கப்பல் தண்ணீருக்குள் எட்டு, ஒன்பது மீட்டர் இறங்கி நிற்கும். அதற்குக் கீழேயும் இடைவெளி வேண்டும். நம் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், ஆழமான இடமே பதினைந்து மீட்டர் தேறாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே மணல்திட்டுகள். சில வெளியே தலைகாட்டிக்கொண்டே இருக்கின்றன. பாம்பன் கால்வாயில் படகுகளும் சின்னக் கலங்களும்தான் போகும், அதுவும் பாலம் திறக்கக் காத்திருந்து. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே தூக்குகிறது. ஆனால் பாலம் எவ்வளவு உயர்ந்தாலும் தரை இறங்காதே. 2005-ல் தொடங்கிய சேதுக் கால்வாய் வேலையும் நின்றுபோனது. ஆகவே 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போன 'எம்ப்ரஸ்' கப்பலும் கிழக்கே ஒதுங்கி அம்பாந்தோட்டை, திருகோணமலை என்றுதான் போனது.

நமக்குக் கப்பலே வந்ததில்லை என்று சொல்ல முடியாது. 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் ஓடியது. 'இர்வின்', 'கோஷன்' என்று பெரியவர்கள் இன்னும் பெயர் சொல்வார்கள். ஆழம் குறைந்த கடலுக்கென்றே செய்த சின்னக் கப்பல்கள் அவை. எங்கள் கப்பலில் கடல் நாள் மத்தியானம் பன்னிரண்டுக்குக் கேப்டன் ஒலிபெருக்கியில் வந்து இடம், காற்று, ஆழம் சொல்வார். "நமக்குக் கீழே நாலாயிரம் மீட்டர்" என்று அவர் சொன்ன ஒரு நாள், நான் கட்டிலுக்கு அடியில் தூசி துடைத்துக்கொண்டிருந்தேன். நம் வடகடலின் ஆழம் நினைவுக்கு வந்தது. கை நின்றுபோனது.

"அண்ணே, நான் பத்து வருசமா விசைப்படகுல போறேன். அந்த அனுபவத்துக்கு வேலை கெடைக்குமா?"

மனசு நோகாமல் சொல்கிறேன் தம்பி, ஹோட்டல் பிரிவுக்கு அது கணக்கில் வராது. எங்களைப் போன்றவர்கள் கப்பலில் இருக்கிற ஹோட்டல் ஆட்கள். ஆங்கிலம், ஓட்டலில் கொஞ்சம் அனுபவம், சிரித்த முகம், இதைத்தான் பார்ப்பார்கள். நங்கூரம், கயிறு, வண்ணம் பார்க்கிற டெக் பிரிவுக்கு அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் தனிப் படிப்பு வேண்டும். நீவாடு (கடல் நீரோட்டம்) பார்க்கத் தெரியும், கச்சான் காற்றும் வாடைக் காற்றும் தெரியும் என்று நேர்முகத்தில் சொன்னால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாது. எனக்கே அது வருத்தம்தான்.

யாருக்கானாலும் பொதுவானவை: பாஸ்போர்ட், இன்டோஸ் எண் (கடலோடிகளுக்கான பதிவு எண்), சி.டி.சி. என்கிற கடலோடிப் புத்தகம், டி.ஜி. ஷிப்பிங் என்கிற அரசின் கப்பல் துறை இயக்ககம் அங்கீகரித்த டாக்டரின் சான்று, பிறகு அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிகள்: கடலில் உயிர் தப்புவது, தீயணைப்பு, முதலுதவி, பொதுப் பாதுகாப்பு, காவல் விழிப்பு. தண்ணீரில் குதிக்கிற அன்று மட்டும் உனக்கு மற்றவர்களைவிட எளிதாக இருக்கும். பெண் பிள்ளைகளும் போகலாம், போகிறார்கள். எங்கள் வராந்தா மேற்பார்வையாளர் பெண்தான்.

"ஏஜெண்டு மூணு லட்சம் கேக்குறான். குடுத்தாத் தப்பா?"

கொடுக்காதே. கடலோடிகளுக்கான சர்வதேச ஒப்பந்தம் 2006-ல் எழுதியது. வேலைக்குச் சேர்த்துவிட ஆளிடம் காசு வாங்கக்கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. பாஸ்போர்ட், கடலோடிப் புத்தகம், மருத்துவச் சான்று இவற்றின் செலவு மட்டும் நம்முடையது. விசா செலவுகூடக் கப்பல்காரன் கொடுக்க வேண்டியது. இந்தியாவில் ஆளெடுக்கிற நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்க வேண்டும், டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசு.

நான் தேடிப் பார்க்கவில்லை. முதல் தடவை ஒரு ஆளிடம் எண்பதாயிரம் கொடுத்தேன். ரசீது கேட்டபோது "நம்பிக்கை இல்லையா தம்பி?" என்றார். அம்மாவின் சங்கிலி அடகுக்கடையிலேயே மூழ்கியது. இரண்டாம் தடவை ஒழுங்கான வழியில் போனேன். ஒரு பைசா கேட்கவில்லை.

"பத்து மணி நேரம் ஓய்வு குடுக்கணும்னு சட்டம் இருக்காமே. பெறகு ஏன் ஞாயித்துக்கெழமகூட லீவு இல்லங்குற?"

நல்ல கேள்வி, விவரமான ஆள் கேட்டது. அதே 2006 ஒப்பந்தத்தில் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, வாரத்தில் 77 மணி ஓய்வு என்று இருக்கிறது. அந்தப் பத்தையும் இரண்டு துண்டுக்கு மேல் வெட்டக்கூடாது, ஒரு துண்டாவது ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏழு நாளும் வேலை பார்த்தாலும் சட்டம் உடையாது. நான் மேலே சொன்ன நாளில் மத்தியானத் தூக்கம் ஒரு துண்டு, ராத்திரி ஒரு துண்டு. வாரத்தில் ஒரு முழு நாள் சும்மா என்பது வேலை ஒப்பந்தம் முடிகிற வரை, ஏழெட்டு மாதம், பெரும்பாலும் கிடையாது. வேலை நேரம் கணினியில் ஏறும். அதை நேர்மையாக ஏற்ற வேண்டும், மேலாளர் கண் ஜாடை காட்டினாலும்.

"அப்ப கடலப் பாத்துக்கிட்டே வேலை செய்யலாம்னு சொன்னதெல்லாம் பொய்யா?"

பொய்தான். என் அறை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. பிலிப்பைன்ஸ்காரர் மேல் கட்டில், நான் கீழ்க் கட்டில், ஜன்னல் இல்லை. கப்பலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பணியாளர்களுக்கென்று ஒரு நீள நடை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பெயரை வைத்து 'ஐ-95' என்பார்கள். பாரந்தூக்கி வண்டி, ரொட்டித் தட்டு, அழுக்குத் துணி எல்லாம் அதில்தான் ஓடும். எனக்குத் தெரிந்த கடல், பால்கனி அறைகளின் கண்ணாடியைத் துடைக்கிற நாலு நிமிடம். தங்கச்சிமடத்தில் கொல்லைக் கதவைத் திறந்தால் தெரிகிற கடல்கூட அங்கே எனக்குக் கிடைப்பதில்லை.

ராத்திரி பத்தரைக்கு அணியத்துப் பக்கம் பணியாளருக்கென்று ஒரு திறந்த தளம் உண்டு. பிரிட்ஜுக்குக் கண் கூசும் என்று அங்கே விளக்கு போட மாட்டார்கள். பத்து நிமிடம் நின்றுவிட்டு வருவேன். அந்தக் காற்றில் கருவாட்டு வாடை இருக்காது. மற்றபடி அதே காற்றுதான்.

"மாமா, அந்தத் துண்டு யானைய எப்பிடிச் செய்றது?"

இருக்கிற கேள்வியிலேயே கஷ்டமானது இதுதான். கேட்டது என் மருமகள், இரண்டாம் வகுப்பு. பெரிய துண்டு ஒன்று, சின்னத் துண்டு ஒன்று வேண்டும். பெரியதை விரித்துப் போட்டு, இரண்டு குட்டைப் பக்கங்களையும் நடுவை நோக்கி இறுக்கமாகச் சுருட்டு. இரண்டு சுருளும் நடுவில் முட்டியதும் அப்படியே பாதியாக வளைத்து நிறுத்து: நாலு கால் வந்துவிடும். சின்னத் துண்டில் நீளப் பக்கத்தின் நடுவைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் சாய்வாக உள்ளே சுருட்டிக்கொண்டே வா, கூம்பாகும். கூம்பின் முனை தும்பிக்கை. மேலே மிஞ்சுகிற இரண்டு மூலையையும் பிரித்து விட்டால் காது. அதை உடம்பின் மேல் உட்காரவை.

துண்டு தடிப்பாக, சொரசொரப்பாக இருக்க வேண்டும். நம் வீட்டு ஈரிழைத் துண்டில் மூன்று தடவை செய்துபார்த்தோம். மூன்று தடவையும் யானை படுத்துக்கொண்டது.